வெந்தயம் தூவிய ஈஸ்டர் கூடை

"இந்த ஈஸ்டருக்கு பிளாஸ்டிக் புல் வேண்டாம்" என்று சொல்லி பிலோமினா, ஈஸ்டருக்கு முந்தைய வாரம் குருத்தோலை ஞாயிறன்று, ஈஸ்டர் முட்டைகள் வைக்கும் கூடையில் ஈரத்துணி விரித்து வெந்தயத்தைத் தூவினாள்.

வருஷா வருஷம் அந்தக் கூடையில் விரிக்கப்பட்டு, இப்போது மூலையில் கிடந்த பிளாஸ்டிக் புல்லுக்கு எரிச்சல். "குழம்புல தாளிக்கிற பயலே, எனக்குப் பதிலா நீயா? நான் எந்த வருஷமும் வாடினதில்லை, தெரியுமாடா?"

"தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றது வெந்தயம்.

மறுநாள் அதன் வயிறு வெடித்தது. "செத்தான்" என்றது புல்.

வெடிப்பிலிருந்து வெள்ளையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. பிறகு, பழைய தோலைத் தொப்பிபோலத் தூக்கிக்கொண்டு இரண்டு இலைகள் எழுந்தன. ஈஸ்டர் காலையில் கூடை முழுக்கப் பச்சை அசைந்தது.

மூலையிலிருந்த புல் குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"அண்ணே, எத்தனையோ ஈஸ்டர் பார்த்திருக்கேன். உயிர்த்தெழுறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."