சாளைக் கருவாட்டு நியாயம்

"எல்லாருக்கும் நிறுத்துப் போடுதீரு, எனக்கு மட்டும் கருவாடு கிடையாதா?" கோட்டாறு சந்தையில் பீர்க்கண்ணுவின் கடை முன்னால் நின்று தாணம்மாள் கத்தினாள்.

"உங்களுக்குத் தரமாட்டேன் அக்கா. போங்க."

"நான் முருகனைக் கும்பிடுதவ, அதனாலதானே?"

"ஆமா, அதனாலதான்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. சுட்ட சாளைக் கருவாட்டை நினைத்து ஊறிய எச்சிலைத் தாணம்மாள் விழுங்கிக்கொண்டாள். "கேட்டியளா? கடையில மதம் பாக்கப்பிடாதுன்னு டெல்லியில சட்டமே போட்டாச்சு. இவரு இன்னும் பாக்காரு!" நாட்டுக்காக இவ்வளவு நன்றாகத் தன்னால் பேச முடியும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

"அநியாயம்லா பீர்க்கண்ணு?" என்றார் ஒருவர்.

பீர்க்கண்ணு தராசைக் கீழே வைத்தார். "மகளுக்கு வரன் அமையணும்னு அக்கா சஷ்டி விரதம் இருக்காவ. ஆறு நாளும் நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காதீரும்னு போன வாரம் என்னை அல்லா மேல சத்தியம் பண்ண வச்சாவ. அவியளுக்க சாமி மன்னிச்சிரும். என் சத்தியத்துக்கு அல்லாட்ட நான்லா பதில் சொல்லணும்?"

கூட்டம் சிரித்தது. தாணம்மாள் மெல்லப் பக்கத்துக் கருவாட்டுக் கடையைப் பார்த்தாள்.

"நானும் சத்தியம் பண்ணியிருக்கேன் அக்கா" என்றார் அந்தக் கடைக்காரர்.

போன வாரத்துத் தாணம்மாள் தன்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தாளே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.