பதினேழாம் கதவு

உட்கார்ந்த பிறகுதான் அது கணக்கு வகுப்பு என்று தெரிந்தது.

எதுவாக இருந்தால் என்ன. மறைந்துகொள்ள ஓர் இடம் வேண்டும்.

மனு போட்டுப் பார்க்க மகள் வந்திருக்கிறாள் என்று வார்டர் சொன்னதுமே, சடையாண்டி ஜெயில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். படிக்கிறவனை இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

வரட்டும். கிடக்கட்டும். ஊரில் மிச்சமிருப்பது ஒரு துண்டு புஞ்சை. அதற்குக் கைநாட்டு வாங்கத்தானே வருகிறாள். போன தடவையும் பார்க்காமல்தான் அனுப்பினார். அதற்கு முந்தைய தடவையும்.

"ஐயாவோட சேத்து பதினேழு பேர்" என்றார் வாத்தியார். இளவயசு. கையில் பிரம்பு இல்லாத வாத்தியாரை அவர் நம்புவதில்லை.

வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு எண் கொடுத்தார். சடையாண்டிக்குக் கடைசி எண், பதினேழு.

நீங்கள்தான் கதவுகள் என்றார். உட்கார்ந்தால் மூடிய கதவு. எழுந்தால் திறந்த கதவு. பதினேழு வார்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். முதலாமவர் எல்லாக் கதவையும் தொடுவார். இரண்டாமவர் இரண்டு, நான்கு, ஆறு என்று போவார். மூன்றாமவர் மூன்று, ஆறு, ஒன்பது. இப்படியே கடைசிவரை. தொட்ட கதவு மூடியிருந்தால் திறக்கும். திறந்திருந்தால் மூடிக்கொள்ளும்.

"இங்கயும் வார்டர்தானா சார்? வேற ஆளே கெடைக்கலையா?"

சிரிப்பு.

ஒன்று.

எல்லோரும் எழுந்தார்கள்.

இரண்டு. மூன்று. நான்கு.

பன்னிரண்டாம் ஆள் பட்ட பாடு சொல்லி முடியாது. எழுவான், உட்காருவான், மறுபடி எழுவான். "எம்மேல மட்டும் ஏன் சார் இம்புட்டு ஆசை?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். முதல் வார்டருக்கு எழுந்தவர்தான். அதற்குப் பிறகு ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை.

மறந்துவிட்டானா? வேண்டுமென்றே விட்டுவிட்டானா?

"என்னைய விட்டுட்டீகளே."

"இருங்கய்யா. உங்களது பகா எண். ஒண்ணு தொடும். அப்பறம் பதினேழே வந்து தொடும். நடுவுல ஒருத்தரும் தொட முடியாது."

பதினேழு.

அவர் உட்கார்ந்தார்.

நிமிர்ந்து பார்த்தால் நான்கு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒன்று. நான்கு. ஒன்பது. பதினாறு.

வர்க்க எண்கள் என்றார் வாத்தியார். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறவை ஜோடி ஜோடியாக வரும். ஒன்று திறந்தால் அதன் ஜோடி வந்து மூடிவிடும். பன்னிரண்டுக்கு ஒன்றும் பன்னிரண்டும், இரண்டும் ஆறும், மூன்றும் நான்கும். பதினாறுக்கு ஒன்றும் பதினாறும், இரண்டும் எட்டும். மிச்சம் நான்கு. நான்குக்கு நான்கேதான் ஜோடி.

திறந்த கதவை மூட ஆள் இல்லை.

அவர் அந்த நாலு பேரையும் பார்த்தார். ஒருவன் வாய் பேசாதவன். ஒருவனுக்கு வக்கீல் வைக்க நாதியில்லை. எவன் சிபாரிசும் இல்லை, எவன் கையிலும் எவனும் எதையும் திணிக்கவில்லை. கதவு திறந்தே கிடக்கிறது. கலெக்டரே வந்தாலும் மூட முடியாது.

இதில் எங்கே தில்லுமுல்லு?

தேடினார். கிடைக்கவில்லை.

கோயிலில் மூலஸ்தானத்து இருட்டின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. கை தானாகத் தோள்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

பிறகுதான் தன் கதவு ஞாபகம் வந்தது. திறந்தது முதலாமவன். நடுவில் யாரும் தொடவில்லை. மூடியது பதினேழு.

பதினேழு அவர்தான்.

கைநாட்டுக்குத்தான் வருகிறாள் என்று அவரிடம் யார் சொன்னது?

யோசித்துப் பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை.

இருந்தாலும் சந்தேகம் விடவில்லை.

"தலைகீழா வரச் சொல்லுங்க" என்றார். "கடைசி வார்டரு மொதல்ல வரட்டும். அப்பவும் இதே நாலுதானான்னு பாப்பம்."

வாத்தியாருக்கு முகமெல்லாம் பல். எல்லோரையும் மறுபடி உட்காரவைத்தார்.

"பதினேழு."

அவர் எழுந்தார். அவர் மட்டும். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

வாசலில் வார்டர்.

"யோவ் சடையாண்டி, மனு நேரம் முடியப்போவுது. உம்மக இன்னும் அங்கனயேதான் உக்காந்திருக்கு. என்னான்னு சொல்ல?"

எழுந்தவர் உட்காரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"பதினாறு" என்றது வாத்தியார் குரல், முதுகுக்குப் பின்னால்.

நீள வராந்தா. குரல் எண்ணி எண்ணி இறங்கிக்கொண்டே கூட வந்தது. பத்து. ஏழு. மூன்று.

கம்பி வலை தெரிந்தபோது, பின்னால் ஒரே கூச்சல்.

"ஏய், அதே நாலு பேருடா!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வலைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தவள் அவரைப் பார்த்தாள்.

எழுந்தாள்.