கிழவிப் பேரு

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த நெஹமாவுக்கு, அக்காவின் ‘ஷிர்’ என்ற பெயர் மீது சிறு வயதிலிருந்தே பொறாமை. ஹீப்ரூ மொழியில் ஷிர் என்றால் பாடல். ஆண்டுதோறும் இரண்டு ஷிர்களாவது அவள் வகுப்பில் சேர்ந்தார்கள். நெஹமா என்று ஒரு குழந்தைகூட வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், பெயர் மாற்றும் விண்ணப்பத்தை அம்மாவின் முன்னால் வைத்தாள்.

“அவளுக்கு மட்டும் தேடித் தேடி அழகா பேரு வச்சீங்க. எனக்குக் கிழவிப் பேரு. போன்ல பேரைச் சொன்னா, ‘பேத்திகிட்ட குடுங்க பாட்டி’ங்கிறாங்க.”

வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“நெஹமான்னா ஆறுதல்டி. எனக்குப் பிள்ளையே பிறக்காதுன்னு டாக்டருங்க கைவிரிச்ச பிறகு பொறந்தவ நீ. நானும் அப்பாவும் ஒரு மாசம் யோசிச்சு வச்ச பேரு.”

“அப்போ அக்கா?”

“அவளைத் தத்தெடுக்கும்போது அவளுக்கு ரெண்டு வயசு. பேரோடதான் வந்தா.”

நெஹமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவளுக்குத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பதினெட்டு வயசுல சொன்னோம். ‘நெஹமாவுக்கு மட்டும் நீங்களே பேரு வச்சிருக்கீங்க’ன்னு அன்னிக்கு முழுக்க அழுதா.”