பெட்டிக்குள் ஒரு குரல்

“கதவைத் திறவுங்கோ! மூச்சு முட்டுது!”

ஜெறோம் இரும்புக் கதவில் ஓங்கி ஓங்கிக் குத்தினான். கதவு திறந்தது. தங்கை றஜிதா எட்டிப் பார்த்தாள்.

“பொய் அண்ணை. மூச்சு முட்டுறவன் இப்பிடி ராகம் போட்டுக் கத்துவானோ?”

அப்பா ஒருகாலத்தில் குருநகரிலிருந்து மீன் ஏற்றிய கூலர் லொறியின் பெட்டிதான் அவனுடைய ஒலிப்பதிவுக்கூடம். சாத்தினால் கோயில் மணிகூட உள்ளே கேட்காது. உள்ளே ஒரு மைக், ஒரு மின்குமிழ். வெளியே வேப்பமர நிழலில் றஜிதாவும், பற்றறி செத்து வயரின் தயவில் ஓடும் மடிக்கணினியும்.

பூட்டிய லொறிக்குள் ஒளிந்து வெளிநாடு போகும் பொடியன் ஒருவனைப் பற்றிய றாப் பாட்டு அது. கொழும்பு இசைவிழாக்காரர் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பீற், அந்தத் தாளம், அருமையாம்; குரலில்தான் பயம் இல்லையாம். இன்று பின்னேரம் கடைசித் தவணை.

“உதுவும் சரிவரேல்லையெண்டா நாளைக்கு என்ரை வள்ளத்திலை ஏறு” என்று அப்பா இன்னாசித்தம்பி முடிவாகச் சொல்லியிருந்தார். சாமத்தியச் சடங்கு வீடுகளுக்குப் பாட்டுச் செய்து கொடுத்து அவன் வாங்கிய மைக்கை விற்கவும் ஆள் பார்த்துவிட்டார்.

“இந்தமுறை நான் என்ன கத்தினாலும் பாட்டு முடியுமட்டும் திறக்காதை” என்றான் ஜெறோம்.

“ஓம். நீ பாட்டைப் பார். மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அவள் கதவைச் சாத்தினாள். காதில் பீற் தொடங்கியது. முதல் சரணம் வழக்கம்போலப் போயிற்று.

திடீரென்று மின்குமிழ் அணைந்தது. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. இந்த வயதிலும் விளக்கை எரியவிட்டுப் படுக்கிறவன் அவன்.

கதவின் உட்பக்கத்தைத் தடவினான். கைபிடி இல்லை. சுவர்கள் கிட்டக் கிட்ட வருவதுபோலிருந்தது. காதில் பீற் மட்டும் விடாமல் இடித்துக்கொண்டிருந்தது.

“திற! ஐயோ... ஆராவது திறவுங்கோ! அம்மா!”

பாட்டு முடிந்த பிறகுதான் கதவு திறந்தது. ஜெறோம் தடுமாறி இறங்கி மண்ணில் குந்தினான். றஜிதா பதிவைப் போட்டு ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டிவிட்டாள்.

அவனுக்கு மயிர் சிலிர்த்தது. லொறிக்குள் அடைபட்ட அந்தப் பொடியனே உள்ளே கிடந்து கதறினான்.

“அனுப்பு” என்றான். “ஏனடி, கரண்ட் போனது உனக்குத் தெரியேல்லையோ?”

“கரண்ட் போயிருந்தா பீற் நிண்டிருக்குமே.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “லைற்றை நான்தான் அணைச்சனான், அண்ணை.”