பழக் கூவல்

ஆப்பிரிக்காவில் ஒரு சின்னக் காட்டின் சிம்பன்சிகளுக்கு ஒரு வழக்கம். பழுத்த அத்திமரத்தைக் கண்டால் கூவி எல்லோரையும் கூப்பிட வேண்டும்.

அன்று கூவல் கேட்டு அக்காவும், தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கையும் ஓடினார்கள். மரத்தில் ஒரு பழமும் இல்லை. கீழே சுற்றுலா வழிகாட்டி வாயில் கைவைத்துச் சிம்பன்சி போலவே கூவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கேமராக்களோடு ஒரு கூட்டம்.

"பழம் எங்கேக்கா?"

"நாமதான்டி பழம்! சாப்பிட வான்னு கூப்பிடுறதுலயுமா பொய்? இவனெல்லாம் விளங்குவானா?"

மறுநாள் அக்கா நிஜமாகவே பழுத்த மரம் ஒன்றைக் கண்டாள். தொண்டை கிழியக் கூவினாள். கேமராக்கள்தான் ஓடிவந்தன.

தூரத்தில், பசியில் அழுத குட்டியைத் தங்கை தட்டிக்கொடுத்தாள்.

"பெரியம்மா கூப்பிடுறாங்கம்மா!"

"பெரியம்மா இல்லடா, அந்த ஆளு. தூங்கு."