துணி ஏறிய நாற்காலி

வீட்டில் உட்கார இடமில்லை என்று சொல்லித்தான் எதிர்வீட்டுக் கோமளாவின் கணவன் தன் அக்காவிடம் போய்விட்டான். நியாயம்தான். காய்ந்த துணி குவிந்து கிடந்ததில், அவர்கள் நாற்காலியின் நிறம்கூட எனக்குத் தெரியாது. அவன் போனபின், துணி மடித்து வைக்கிற, விட்டுப்போன பழக்கம் கோமளாவுக்குத் திரும்பியது. மடித்தாள், அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அவரு வர்றாராடி?" என்றேன், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில்.

"சும்மா இருக்க முடியலக்கா."

நேற்று நான் உறைமோர் கேட்டு நின்றபோது அவன் வந்தான். காலியான நாற்காலியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாரு வந்து உக்கார்றதுக்கு இவ்வளவு சுத்தம்?"

கோமளா அலமாரியைத் திறந்தாள். மடித்த புடவைகளை ஒவ்வொன்றாக உதறி நாற்காலியில் போட்டாள். அவன் பையோடு நின்றான், நான் கிண்ணத்தோடு.