உங்க இஷ்டத்துக்கு

"உங்க இஷ்டத்துக்கு வரைங்க. குறுக்க நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள், ஈரக் குடையை மடக்கியபடி உள்ளே வந்த பெண்.

தங்கை பென்சிலைக் கீழே வைத்தாள். ஏழு வருடமாக அக்காவின் இந்தக் கடையில் புகைப்படத்தைப் பார்த்து ஆட்களை வரைகிறாள். இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. முடியைக் கறுப்பாக்கு என்பார்கள், தொப்பையை எடுத்துவிடு என்பார்கள். ஒருவர் தன் மாமியாரைப் படத்தில் இரண்டடி தள்ளி நிறுத்தச் சொன்னார்.

வருகிற ஆர்டரையெல்லாம் அவள் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். மேலே வாடிக்கையாளர் கேட்டவை வரிசையாக இருக்கும். கடைசி வரி மட்டும் அவளுடையது. புகைப்படத்தில் இல்லாத, யாரும் கேட்காத ஏதோ ஒன்றை ஒவ்வொரு படத்திலும் சேர்த்துவிடுவாள். அதுவும் இல்லாவிட்டால் கை மரத்துப் போய்விடும் என்று பயம்.

கடையை நடத்துவதும் படங்களுக்குச் சட்டம் அடிப்பதும் அக்கா. அவளுக்குத் தங்கையின் பெயரே "மேதை"தான். இன்னும் ஒரே ஒரு படம் குறை சொல்லித் திரும்பி வந்தால் தூரிகைகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டுப் பிரிண்ட் மிஷின் வாங்கிவிடுவேன் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். விளையாட்டாகச் சொன்னதுபோல் தெரியவில்லை.

வந்தவள் தன் அண்ணனின் புகைப்படத்தை மேசையில் வைத்தாள். அகலமான முகம். கண்கள் நேராகப் பார்த்தன.

தன் படங்களை எங்கே பார்த்தாள் என்று தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல. அவங்க நாற்காலி பக்கத்துல ஒரு கைத்தடியைச் சாத்தி வச்சிருந்தீங்க. போட்டோல அது இல்லவே இல்லையாமே?"

அந்த மூலை வெறிச்சென்று இருந்தது, அதனால்தான் என்று தங்கை அவசரமாக விளக்கினாள்.

"தப்புன்னு சொல்லலைங்க. அப்புறம் நீச்சல் மாஸ்டர் படம். அதுல வலது காலை மட்டும் நிழல்ல மறைச்சிருந்தீங்க. அதைப் பாத்தப்பவே உங்களைத் தேடிப் பிடிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்."

படம் கடையை விட்டுப் போனபின் யார் வீட்டுச் சுவரில் என்ன ஆகிறது என்று தங்கைக்குத் தெரியாது. தன்னுடைய கடைசி வரியை ஒருத்தி படித்திருக்கிறாள்.

அண்ணன் ஒரு மணி நேரம் நேரில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டாள். அவர் வெளியே வருவதில்லை, போட்டோ போதும் என்று பதில் வந்தது. எப்படிப்பட்டவர், கோபக்காரரா, சிரிப்பாரா என்று கேட்டதற்கும் அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். சொன்னால் உங்கள் கையைக் கட்டிப் போட்டதுபோல் ஆகிவிடும் என்றாள்.

நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மேலே எதுவும் இல்லாதபோது கடைசி வரியை எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று தங்கை நினைத்திருக்கவில்லை. முதலில் ஜன்னலில் ஒரு பறவையை வைத்தாள். காலண்டர் படம்போல் இருந்தது, அழித்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு திறந்த கதவை வரைந்தாள். அது யாரையோ எதிர்பார்ப்பதுபோல் இருந்தது, அதையும் அழித்தாள். அவள் அறையில் எங்கே நகர்ந்தாலும் புகைப்படத்தின் கண்கள் பின்னாலேயே வந்தன.

ஆறாம் நாள் மத்தியானம்தான் அவளுக்குப் புரிந்தது. அவை முறைக்கிற கண்கள் இல்லை. தூக்கத்துக்கு ஏங்குகிற கண்கள். தூரிகையை எடுத்து அவற்றை மூடினாள். அந்த முகம் முழுவதும் ஒரு நொடியில் தளர்ந்து இறங்கியது. ஒரு மூச்சு வெளியேறிய சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. நோட்டில் "தூக்கம்" என்று ஒரே வார்த்தை எழுதினாள்.

அக்கா பார்த்ததும் சுத்தியலை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"போட்டோல ஆளு முழிச்சுக்கிட்டு இருக்காரு. நீ தாலாட்டுப் பாடி வச்சிருக்க. இது திரும்பி வந்தா மிஷின்தான், சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டாள்.

சொன்ன தேதிக்கு அந்தப் பெண் வந்தாள். படத்தின் முன் குனிந்து அந்த மூடிய கண்களையே உற்றுப் பார்த்தாள். தங்கை தூரிகையைக் கையில் எடுத்தாள்.

"பிடிக்கலைன்னா கண்ணைத் திறந்து வச்சிடறேங்க. ஒரு மணி நேர வேலைதான்."

"வேண்டாம். தொடாதீங்க."

குரல் சட்டென்று வந்தது. பிறகு அவளே தணிந்தாள். "இதுக்குத்தான் வந்தேன். வாய்விட்டுக் கேக்க எனக்குத் தைரியம் வரலை. நீங்களே புரிஞ்சுக்கிட்டீங்க."

படத்தைக் காகிதத்தில் சுற்றிக் கட்டும்போது அக்கா தங்கையைப் பார்த்து, இனிமேல் உன் இஷ்டம்தான் என்பதுபோல் தலையை ஆட்டினாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. தங்கைக்கு அழுகை வரும்போல் இருந்தது.

பொட்டலத்தை அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். டாக்டரிடம் கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

"படத்தை மாட்டின எட்டாம் நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டாங்க. நீச்சல் மாஸ்டருக்கு அந்தக் காலை எடுக்கப் பன்னெண்டு நாள் ஆச்சு. அண்ணனுக்கு எத்தனை நாள் ஆகும்னு தோராயமாச் சொல்ல முடியுமாங்க?"